பாலவாக்கத்தில் உப்புக் காற்றும் ஓடாத காரும்



சென்னை மாநகரின் திருவான்மியூரைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கொட்டிவாக்கம் வரும், அதனையடுத்துப் பாலவாக்கம், அதற்கும் அப்பால் நீலாங்கரை. இடப்பக்கம் வங்கக் கடல். வலப்பக்கம், குடியிருப்புகளுக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாய். இவ்விரு நீர்களுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தில் அமைந்ததே பாலவாக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சியாக இருந்த இவ்வூர், 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் எல்லை விரிவாக்கப்பட்டபோது மாநகரோடு இணைந்தது.

முட்டுக்காட்டுப் படகுத்துறைக்குச் செல்வோர், கோவளம் தர்காவிற்குக் குடும்பத்துடன் செல்வோர், மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்வோர், புதுச்சேரி வரை நெடும்பயணம் மேற்கொள்வோர் எனப் பலரும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். ஆனால் அவர்களுள் இங்கே இறங்குவோர் சிலரே. இறங்கி, கிழக்கே பிரியும் தெரு ஒன்றில் சற்றுத் தொலைவு நடந்தால் காலடியில் மணல் வந்துவிடும். மீனவர் குப்பம், கரையேற்றி வைக்கப்பட்ட பைபர் படகுகள், உலரும் வலைகள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய கரைகளுள் இதுவும் ஒன்று.

அந்தப் பேரலையைப் பற்றி உலகமே பேசியது. ஆனால் இக்கரையிலிருந்து நாள்தோறும் ஓசையின்றி ஊருக்குள் நுழையும் மற்றொன்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதுதான் உப்புக் காற்று! சன்னல் கம்பிகளில் துரு ஏறுவதும், கதவின் கீல்கள் முனகுவதும், வாசல் பூட்டு சாவிக்கு இசைய மறுப்பதும் இக்காற்றின் வேலைகளே. இதே காற்று, வாசலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள்ளும் புகுகிறது. ஒருநாள் அதிகாலையில் சாவியைத் திருப்பினால் வண்டி வாய் திறப்பதில்லை.

அந்த வேளையில் வீட்டினுள்ளே பிரசவ வலி கண்ட பெண்மணி இருக்கலாம். மார்பைப் பிடித்தபடி முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கலாம். அத்தகைய நெருக்கடியில் வண்டியோடு போராடாமல் 108 ஆம்புலன்ஸை அழைப்பதே அறிவுடைமை. மற்ற வேளைகளில், அதாவது நிதானமாகச் சிந்திக்க நமக்கு நேரம் இருக்கும்போது, வண்டி ஏன் எழவில்லை என்பதை ஒழுங்கு முறையாகக் கண்டறிவது எப்படி? பழுது ஓரிடத்தில் இருக்க, பணத்தை வேறோரிடத்தில் இறைக்காமல் தப்புவது எப்படி? இதனையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கைப்பிடியிலிருந்து சாவிக்கு

முற்காலத்துக் கார்களைக் கிளப்ப, முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிப் பலங்கொண்ட மட்டும் சுழற்ற வேண்டும். இஞ்சின் எதிர்த்துத் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. இத்துன்பத்தைப் போக்க அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1911ஆம் ஆண்டு மின்சாரத்தால் இயங்கும் ஸ்டார்ட்டரை உருவாக்கினார். அது 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் அம்பாசிடர் காருக்குக் கைப்பிடி போட்டுச் சுழற்றிய காட்சியை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அம்பாசிடரின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்றைய கார்களில் கைப்பிடிக்கு இடமே இல்லை. ஆகவே "செல்ஃப் எடுக்கவில்லை" என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்.

செல்ஃப் மோட்டார் மின்சாரத்தை எவ்வளவு விழுங்குகிறது என்பதை அறிந்தால் எல்லாம் விளங்கிவிடும். 55 வாட் தலைவிளக்கு ஒன்றுக்கு 5 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவான மின்னோட்டம் போதும். சிறிய காரின் செல்ஃப் மோட்டாருக்கோ 100 முதல் 200 ஆம்பியர் வரை தேவை! ஆகவே விளக்கு எரிகிறது என்பதற்காக மின்சாரத்தின் பாதை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தனி மனிதர் நடக்கும் மூங்கில் பாலத்தில் பாரவண்டி செல்லுமா?

அந்தப் பாதைதான் எது? பேட்டரியின் நேர் முனையிலிருந்து தடித்த கேபிள் வழியே மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குச் செல்கிறது. திரும்பி வருவதற்குத் தனி கேபிள் இல்லை. இஞ்சினின் உலோக உடலும், அதனைக் காரின் உடலோடும் பேட்டரியின் எதிர் முனையோடும் இணைக்கும் "எர்த்" பட்டைகளுமே திரும்பும் வழி. போகும் வழி எத்துணை முக்கியமோ, அத்துணை முக்கியம் திரும்பும் வழியும்.

கடற்காற்றின் உப்புத் துகள் இவ்விணைப்புகளில் படிந்து, இரவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. செம்பின் மீது பச்சைக் களிம்பு ஏறுகிறது. இரும்பின் மீது துரு ஏறுகிறது. பேட்டரியின் முனைகளிலோ அதன் அமில ஆவியும் சேர்ந்துகொள்ள, வெண்மையாகவும் நீலப்பச்சையாகவும் பொடி பூக்கிறது. பட்டறைக்காரர்கள் இதனை "டெர்மினல் பூத்துப்போச்சு" என்பார்கள்.

ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட விதி இங்கே நமக்குக் கை கொடுக்கிறது. மின்தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால், அவ்விடத்தில் வீணாகும் வோல்ட் எவ்வளவு என்பது கிடைக்கும். களிம்பினால் ஓம் ஒன்றில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். 5 ஆம்பியர் விளக்கிற்கு 0.05 வோல்ட்தான் நட்டம், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் செல்ஃப் மோட்டாருக்கோ 1.5 வோல்ட் நட்டம்! பன்னிரண்டில் ஒன்றரை போனால் மோட்டார் தள்ளாடும் அல்லவா?

அறிகுறிகளைப் படியுங்கள்

கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மாமருத்துவர் அபூபக்கர் அர்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிவதற்கென்றே தனி நூல் எழுதினார். இரண்டிலும் காய்ச்சல் உண்டு. இரண்டிலும் உடலில் தடிப்பு உண்டு. முதுகுவலி எதில் மிகுதி, குமட்டலும் மனக்கலக்கமும் எதில் மிகுதி என்று அவர் கூர்ந்து நோக்கி வேறுபடுத்தினார். மருந்தைத் தேடுமுன் அறிகுறியைப் படிக்கும் அதே ஒழுங்கு காருக்கும் பொருந்தும். சாவியைத் திருப்பும்போது கண்ணும் காதும் விழிப்பாக இருக்கட்டும்.

முதலாவது: சாவியைத் திருப்பியும் முகப்பில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஹாரனும் இல்லை. பேட்டரி அறவே இறங்கிவிட்டது, அல்லது அதன் முனை கழன்றுள்ளது, அல்லது பிரதான ஃபியூஸ் போயிருக்கிறது.

இரண்டாவது: விளக்குகள் எரிகின்றன, கிளப்ப முயன்றதும் மங்குகின்றன, "டக் டக் டக்" என்று தொடர் ஓசை எழுகிறது. பேட்டரியில் வலுவில்லை, அல்லது முனைகளில் பூப்பு. முனையைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது: "டக்" என்று ஒரே ஓர் ஓசை, பிறகு அமைதி. செல்ஃப் மோட்டாரிலோ, அதன் தலைமேல் அமர்ந்துள்ள சோலனாய்டிலோ, கேபிளிலோ, எர்த் பட்டையிலோ பழுது இருக்கலாம்.

நான்காவது: விளக்குகள் சற்றும் மங்கவில்லை, ஓசையும் இல்லை. மின்சாரம் மோட்டார் வரை செல்லவே இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டியாயின் கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ உள்ளதா? மற்ற வண்டியாயின் கிளட்சை முழுமையாக மிதித்தீர்களா? அதன் பின்னரே ரிலே, சாவி சுவிட்சு ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

ஐந்தாவது: செல்ஃப் நன்றாகச் சுழல்கிறது, இஞ்சின் மட்டும் பற்றவில்லை. இங்கே பேட்டரியைக் குறை கூறுவது வீண். எரிபொருள் இருக்கிறதா? பெட்ரோல் வண்டிகளில் சாவியைப் போட்டவுடன் பின்பக்கம் ஓரிரு நொடிகள் பெட்ரோல் பம்பின் முனகல் கேட்கும். அது கேட்கவில்லையெனில் பம்பின் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். முகப்பில் சாவி வடிவ விளக்கு விடாது மின்னினால், திருட்டைத் தடுக்கும் பூட்டு அச்சாவியை ஏற்கவில்லை என்பது பொருள். மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளில், சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து போவதும் உண்டு.

மரத்தடிப் பட்டறையில் கண்டது

பாலவாக்கத்தில் உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அவருடைய வண்டியின் ஹாரனைச் சரிபார்க்க ஒரு பட்டறைக்கு உடன் சென்றேன். வேப்பமரத்தின் கீழ் ஒரு மேசை, அதன்மேல் மீட்டர் ஒன்று, ஒயர் சுருள்கள். அறுபதை நெருங்கிய எலக்ட்ரீஷியன் ஒருவர் அங்கே இருந்தார். அவ்வேளையில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர், நண்பர்கள் இருவர் தள்ளிவர, தம் வண்டியோடு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, பேட்டரி புதுசு. போன மாசம்தான் போட்டேன். இப்ப செல்ஃப் மோட்டாரையே மாத்தணும்னு வேற கடையில சொல்றாங்க. இந்த மாச டியூவே இன்னும் கட்டலை."

"மாத்துறது அப்புறம் தம்பி. முதல்ல கரண்ட் எங்க நிக்குதுன்னு பார்ப்போம்" என்றார் பெரியவர்.

அவர் கருவியைத் தொடுமுன் கேள்விகளையே தொடுத்தார். காலையில் மட்டும் தகராறா, எப்போதுமா? வண்டி இரவில் எங்கே நிற்கிறது? கடற்கரைத் தெருவிலா? பழுது திடீரென வந்ததா, சிறிது சிறிதாக வந்ததா? பின்னரே மீட்டரை எடுத்தார்.

ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, முழு நலம். கிளப்ப முயலும்போது 10.4 வோல்ட், அதுவும் நலமே. அவ்வேளையில் 9.6க்குக் கீழே சரிந்தால்தான் பேட்டரியை ஐயுற வேண்டும். அடுத்து, பேட்டரியின் நேர் முனையில் மீட்டரின் ஒரு கம்பியையும், செல்ஃப் மோட்டாரின் முனையில் மற்றொன்றையும் வைத்து, இளைஞரைச் சாவியைத் திருப்பச் சொன்னார். 0.3 வோல்ட். அதாவது, போகும் வழியில் பெரிய நட்டமில்லை. பின்பு எதிர் முனைக்கும் இஞ்சினின் உலோகத்திற்கும் இடையே வைத்தார். சாவியைத் திருப்பியதும் மீட்டர் 2.1 வோல்ட் காட்டியது! அங்கே இருக்கத் தக்கது 0.2 அல்லது 0.3தான். திரும்பும் வழியிலேயே மின்சாரம் முடங்கி, மோட்டாருக்கு எஞ்சியது வெறும் 8 வோல்ட்.

பெரியவர் ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரியின் எதிர் முனையிலிருந்து நேரே இஞ்சினின் உலோகத்திற்குப் பாலமிட்டார். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் முதல் முயற்சியிலேயே உயிர் பெற்றது. இளைஞரின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை என்னவென்பது! பழைய எர்த் பட்டையைக் கழற்றி வளைத்தபோது, உறைக்குள்ளிருந்து பச்சைப் பொடி உதிர்ந்தது. செம்பு இழைகளில் மிகச் சிலவே அறுபடாமல் எஞ்சியிருந்தன. மோட்டாரின் விலையோடு ஒப்பிட, ஒரு பட்டைக்கும் கூலிக்கும் ஆன செலவு மிகச் சொற்பம்.

"வெளிப்பார்வைக்கு நன்றாகத்தானே இருந்தது, அண்ணே?" என்று வினவினேன்.

"சும்மா நிக்கும்போது எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான் பாய். பாரம் ஏத்தினாத்தான் தெரியும்" என்றார் அவர்.

வாசகர்களே, இந்தச் சொல்லில்தான் கண்டறியும் கலையின் உயிர் இருக்கிறது. மின்னோட்டம் இல்லாதபோது அந்தப் பட்டையில் நட்டம் எதுவும் தெரியாது. பாரம் ஏறும் வேளையில் அளந்தால்தான் பழுது தன்னைக் காட்டிக்கொள்ளும். புதிய பேட்டரி போட்டதும் சில நாள் வண்டி ஓடியதன் காரணமும் இதுவே. புதியதன் மிகுந்த வலு, பாதையின் நட்டத்தைச் சிறிது காலம் மூடி மறைத்தது. களிம்பு மேலும் ஏறியதும் மறைவு விலகிவிட்டது. நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றாக இருந்தால், இடைக்காலச் சுகம் நம்மை ஏமாற்றிவிடும்.

நாமே செய்யத் தக்கவை

எலக்ட்ரீஷியனின் வேலையை எல்லோரும் செய்ய இயலாது; செய்யவும் வேண்டியதில்லை. ஆயினும் சிலவற்றை வீட்டிலேயே செய்யலாம்.

மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பாருங்கள். பூத்திருந்தால் வண்டியை அணைத்துவிட்டு, எதிர் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதனைக் கடைசியாக மாட்டுங்கள். ஸ்பேனர் காரின் உடலில் பட்டாலும் தீப்பொறி எழாதிருக்கவே இந்த வரிசை. வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினால் பூப்பு கரைந்துவிடும். துடைத்து உலர்த்தி, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கடற்கரைத் தெருக்களில் வசிப்போர் எர்த் பட்டையையும் ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்வது நன்று.

சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு நலம், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் உள்ளது. 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. இஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.5ஐத் தாண்டவில்லையெனில், பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரில் பழுது இருக்கலாம். நம்மூரில் அதனை டைனமோ என்றே அழைக்கின்றனர். அத்தகைய வண்டிக்கு எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் நிலைக்காது.

பழைய நாள்களில் டைனமோவைச் சோதிக்க, இஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பார்கள். இன்றைய வண்டிகளில் அதனை ஒருபோதும் செய்யாதீர்கள். மின்னழுத்தம் திடீரென எகிறி, விலையுயர்ந்த மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கெடுத்துவிடும்.

பிற வண்டியிலிருந்து மின்சாரம் பெறும்போது சிவப்புக் கேபிளை இரு நேர் முனைகளிலும் இணையுங்கள். கறுப்புக் கேபிளின் ஒரு நுனியை நல்ல பேட்டரியின் எதிர் முனையிலும், மறு நுனியை ஓடாத வண்டியின் பேட்டரிக்குத் தொலைவில், இஞ்சினின் உலோகத்திலும் இணையுங்கள். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் தீப்பொறியால் வெடிக்கக் கூடும் என்பதே காரணம்.

வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் விடுமுறைக்கு வரும்வரை மாதக்கணக்கில் வண்டி வாசலிலேயே நிற்பது நம் குடும்பங்களில் வழக்கம். நிற்கும் வண்டியிலும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை ஆகியவை சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடிக்கின்றன. எலிகள் ஒயரைக் கடிக்கின்றன. உப்பு தன் வேலையைச் செய்கிறது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் வண்டியை ஓட்டச் செய்யுங்கள். இயலாவிடில் பேட்டரியின் எதிர் முனையைக் கழற்றி வையுங்கள்.

வெள்ளம் சூழ்ந்தால்

2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மக்கள் தம் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தியதை நாடே கண்டது. நீரில் மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். அந்த ஆவலை அடக்குங்கள்! சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் இஞ்சினின் தண்டே வளைந்துவிடும். நீர் வடிந்தபின் சாவியைத் தொடாமல், பேட்டரியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் சென்று சோதிப்பதே பாதுகாப்பு.

இங்கே கூறியவை பாலவாக்கத்திற்கு மட்டும் உரியவை அல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை என நம் வாசகர்களுள் பலர் வாழும் ஊர்கள் கடலோர ஊர்களே. அங்கெல்லாம் வீசுவதும் இதே காற்றுதான். ஆகவே அடுத்த முறை "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்று எவரேனும் கூறினால், கோபமின்றி, மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கே அளந்து பார்த்தீர்கள்? எவ்வளவு காட்டியது?" முறையாக வேலை செய்பவர் அக்கேள்வியை மகிழ்ச்சியோடு ஏற்று, மீட்டரை உங்கள் கண் முன்னேயே வைத்துக் காட்டுவார். அளக்காமலேயே மாற்றச் சொல்பவரிடம் பணத்தை எடுத்து நீட்டுமுன், பானெட்டைத் திறந்து அந்த எர்த் பட்டையை ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.